பந்த் நாளில் பிள்ளைத்தாய்ச்சிப் பயணமா?

அயனம்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டதால் போடவில்லை. அவருக்கு ஏழாவது மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகி விட்டது. வளையல் அடுக்கின கையோடு வாணியம்பாடியில் இருக்கும் பிறந்த வீட்டுக்குக் காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. கூடவே பள்ளிக்கூடம் போகிற ஐந்து வயதுப் பெண். இந்த நேரம் பார்த்து அதே நாளில் பந்த் வரும் போலிருக்கிறது என்று ஊரில் பேச்சு!

"மாமியார் நாளை மாற்றவே கூடாது என்கிறார். 'நாம என்ன கொடி பிடிக்கவா போறோம்? கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் போனா நம்மளை யாரு என்ன பண்ணப் போறா?' என்கிறார். என் வீட்டுக்காரர் 'பாத்துக்கலாம் விடு' என்பதோடு சரி. எனக்குத்தான் ராத்திரித் தூக்கமே இல்லை. நீங்கள் எழுதினால் மாமியார் கேட்பார். புத்தகம் வந்ததும் உங்கள் பக்கத்தை முதலில் புரட்டுகிறவரே அவர்தான்" என்று முடித்திருக்கிறார்.

மாமியார் அம்மாவுக்கு என் வணக்கம். 'நாம் யார் வம்புக்கும் போகவில்லையே' என்று நீங்கள் சொல்வது நியாயம்தான், அம்மா. ஆனால் எறிகிற கல்லுக்கு அந்த நியாயம் தெரியாது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்து மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் ஒரு வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு. தருமபுரி இலக்கியம்பட்டியில் சாலை மறியல். அதில் மாட்டி நின்ற பஸ்ஸில் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் கருகிப் போனார்கள். அந்தக் குழந்தைகள் எந்தக் கொடியைப் பிடித்தார்கள்? எந்தக் கட்சிக்குக் கோஷம் போட்டார்கள்? மறியலுக்குப் பின்னால் நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பந்த் உறுதி என்றால் அன்றைக்கு அந்தப் பெண்ணைச் சாலை வழியாக 200 கிலோமீட்டர் அழைத்துப் போகாதீர்கள். வளைகாப்பை வீட்டோடு செய்யுங்கள், தாராளமாக. பயணம் மட்டும் வேறு நாள்.

"நல்ல நாள் தவறிப் போகுமே?" என்பீர்கள். நம் பெரியவர்கள் இதற்கும் வழி வைத்துத்தான் போயிருக்கிறார்கள். பரஸ்தானம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே! குறித்த நாளில் கிளம்ப முடியாவிட்டால், அந்த நல்ல வேளையில் பயணப் பையையோ ஒரு புடவையையோ மஞ்சள் குங்குமத்தோடு பக்கத்து வீட்டில் கொண்டு போய் வைத்து விடுவது. கிளம்பியதாகவே கணக்கு. அப்புறம் சௌகரியப்பட்ட நாளில் அதை எடுத்துக் கொண்டு புறப்படலாம். ஆற்றில் வெள்ளம் வந்து வண்டி போகாத காலத்தில் கண்டுபிடித்த வழக்கமோ என்னவோ, பந்த் காலத்துக்கு இதை விடப் பொருத்தமானது வேறில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் பையைக் கொடுத்து விட்டு, நிம்மதியாகக் கலந்த சாதம் சாப்பிடுங்கள்.

இன்னொரு வழி, முந்தின நாளே வளைகாப்பை வைத்துக் கொண்டு கிளம்பி விடுவது. அப்படியானால் மத்தியானத்துக்குள் வாணியம்பாடி போய்ச் சேருகிற மாதிரி புறப்படுங்கள். பந்த் என்பது பெரும்பாலும் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை என்றுதான் அறிவிப்பார்கள். ஆனால் 'நாளைக்கு வண்டி எடுக்காதே' என்று பயமுறுத்த முந்தின நாள் சாயங்காலமே சில இடங்களில் கல் பறக்கும். மாலை 6 மணி அடித்ததும் எல்லாரும் கையைக் கழுவிக் கொண்டு வீட்டுக்குப் போய் விடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம்.

ரயிலில் போகலாமா என்றால், என் ஓட்டு ரயிலுக்குத்தான். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் பெரம்பூர், மறுபக்கம் அரக்கோணம். இரண்டில் ஒன்றில் வாணியம்பாடியில் நிற்கிற வண்டியைப் பிடிக்கலாம். ஏழு மாத வயிற்றுக்குக் கால் நீட்டி உட்கார இடமும், கழிவறையும் உண்டு. ஆனால் 'ரயில் மறியல்' என்ற வார்த்தை அறிவிப்பில் இருந்தால் அதுவும் வேண்டாம். நடுவழியில் இரண்டு ஸ்டேஷனுக்கு மத்தியில் நிறுத்தி விட்டால், தண்டவாளத்து ஜல்லியில் இறங்கி நடக்கிற நிலைமையா உங்களுடையது?

பெங்களூர் நெடுஞ்சாலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடிப் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பெண்ணோ பிள்ளையோ அந்தச் சாலையின் மறுமுனையில்தான் இருக்கிறார்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மறுநாள், ஊரெல்லாம் கடையடைப்பும் கலவரமும். 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் நின்றிருந்த ஓரிடத்தில் தீ வைத்தார்கள். நாற்பதுக்குக் குறையாமல் பஸ்கள் எரிந்தன. மறுநாள் பக்ரீத் விடுமுறை, ஊருக்கு வரக் கிளம்பியவர்கள் ஏராளம். பல நாட்களுக்கு இந்தப் பக்கத்துப் பஸ் ஓசூரோடு சரி, அந்தப் பக்கத்துப் பஸ் அத்திப்பள்ளியோடு சரி. நடுவில் குழந்தையும் பெட்டியுமாக மக்கள் வெயிலில் நடந்து எல்லையைக் கடந்தார்கள். அந்த வேளையில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்த்தா கல்லை வீசினார்கள்? நம்பர் பிளேட்டில் எந்த எழுத்து என்று பார்த்துத்தான் வீசினார்கள். நம் பக்கத்திலும் கர்நாடகக்காரர்கள் நடத்துகிற ஹோட்டல் மேல் கை வைத்தார்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும். மாநிலத் தகராறு சூடாக இருக்கிற வாரத்தில் எல்லை தாண்டுவதாக இருந்தால் சொந்தக் கார் வேண்டவே வேண்டாம்.

பந்த்தாவது முன்கூட்டிச் சொல்லிக் கொண்டு வருகிறது. சொல்லாமல் வருகிறதே, அதுதான் நம்மைத் தடுமாற வைக்கிறது. 2018 ஜனவரி 4-ஆம் தேதி சாயங்காலம் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் திடீரென்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி ஜனங்களை இறக்கி விட்டார்கள். ஜனவரி 11 வரை நீடித்தது அது. ஆட்டோக்காரர் சொன்னதுதான் கூலி. 2017 ஜனவரி 23, திங்கட்கிழமை, ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியிருந்தவர்களைப் போலீஸார் விடியற்காலையில் கலைக்க ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் ஐஸ்ஹவுஸ் போலீஸ் நிலையத்தில் தீ. நகரத்தில் பல இடங்களில் மறியல். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி விட்டுச் சமையல் பண்ணிக் கொண்டிருந்த அம்மாக்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்த மாதிரி வேளையில் முதலில் எதைச் செய்வது? செருப்பை மாட்டிக் கொண்டு ஓடுவதல்ல. பள்ளிக்குப் போன் செய்யுங்கள். கட்டடத்துக்குள் ஆசிரியையோடு இருக்கிற குழந்தை, உங்கள் ஸ்கூட்டியின் முன்னால் நின்று கொண்டு வருகிற குழந்தையை விடப் பத்திரமாக இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணியானாலும் பரவாயில்லை, சாலை அடங்கின பிறகு போய்க் கூப்பிட்டு வரலாம். இதைப் பள்ளி திறக்கிற ஜூன் மாதத்திலேயே ஆசிரியையிடம் பேசி வைத்து விடுங்கள்: "நான், அவங்க அப்பா, கீழ் வீட்டு அத்தை, இந்த மூணு பேரைத் தவிர யார் வந்தாலும் அனுப்பாதீங்க மிஸ்." குழந்தையின் பையில் இரண்டு போன் நம்பர் எழுதின அட்டை ஒன்று. பை தொலைந்து போகலாம், ஆகையால் சட்டைப் பைக்குள் இன்னொன்று. குழந்தைக்கு அம்மா பெயர் 'அம்மா' என்றுதான் தெரியும். உங்கள் பெயரையும் தெருப் பெயரையும் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, போயே ஆக வேண்டும். முகப்பேரில் பள்ளி, அல்லது ஆஸ்பத்திரியில் மாமனார். எந்த வழி? கூட்டம் எங்கே சேரும் என்று கொஞ்சம் யோசித்தால் பிடிபட்டு விடும். பஸ் டிப்போ, பஸ் ஸ்டாண்டு, பெரிய சிக்னல், மேம்பாலத்தின் அடி, தலைவர் சிலை, கட்சி அலுவலகம், சுங்கச்சாவடி. நம் பக்கத்தில் என்றால் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு, அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி, வானகரம் சந்திப்பு, பாடி மேம்பாலம். அயனம்பாக்கத்திலிருந்து நொளம்பூர் வழியாக உள் தெருக்களிலேயே முகப்பேர் போய் விடலாம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு நல்ல நாளில் அந்த வழியில் இரண்டு தடவை நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள். தெரியாத சந்தில் புகுந்து முட்டுச்சுவரில் நிற்பது மெயின் ரோட்டில் நிற்பதை விட மோசம்.

கூட்டம் தூரத்தில் தெரிகிறதா? எட்டிப் பார்க்காமல் அங்கேயே திருப்புங்கள். முன்னால் பத்து வண்டி, பின்னால் பத்து வண்டி சேர்ந்து விட்டால் திரும்ப வழியில்லை. திருப்ப முடியாவிட்டால் வண்டியைச் சாலையோரமாக நிறுத்தி விட்டு, ஆஸ்பத்திரியோ கல்யாண மண்டபமோ கோயிலோ, அதுவும் இல்லையென்றால் திறந்திருக்கிற எந்த வீட்டிலோ குழந்தையோடு போய் உட்காருங்கள். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறோம்மா" என்றால் நம் ஊரில் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். வழியை மறிக்கிறவர்களோடு வாதம் செய்யாதீர்கள். போனை எடுத்துப் படம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கோபத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு அது சாட்சி சேர்ப்பது மாதிரித்தான் படும். காரில் 'பத்திரிகை', 'டாக்டர்' என்று பொய்ச் சீட்டு ஒட்டிக் கொண்டு போகிற புத்திசாலிகளும் உண்டு. மாட்டிக் கொண்டால் இரண்டு பக்கமும் உதை!

பஸ்ஸில் இருக்கும்போது கல் வந்தால், ஜன்னலோரக் குழந்தையை நடுப்பக்கம் இழுத்துத் தலையை மடியில் கவிழ்த்து, முந்தானையால் மூடி, நீங்களும் குனிந்து கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறினவுடனே அவசர வழி எங்கே என்று ஒரு பார்வை பார்த்து வைக்கிற பழக்கம் நல்லது. இலக்கியம்பட்டியில் கூட வந்த மாணவர்கள் ஜன்னலை உடைத்துத்தான் பலரை வெளியே இழுத்தார்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வாடை வந்தாலோ, டிரைவரும் கண்டக்டரும் இறங்கி ஓடினாலோ, அந்த க்ஷணமே இறங்க வேண்டும். பட்டுப் புடவைப் பெட்டி, வெள்ளிக் குத்துவிளக்கு, எதையும் தேடாதீர்கள்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைக்கு நைலக்ஸ், ஷிபான், பாலியஸ்டர் எதுவும் வேண்டாம். நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக் கொள்ளும். பருத்திப் புடவை அல்லது சுடிதார், காலில் வார் வைத்த செருப்பு. தாலிச் சங்கிலி ரவிக்கைக்குள். பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், கெட்டுப் போகாத சாப்பாடாகப் புளிசாதமோ பொடி தடவின இட்லியோ, வாழைப்பழம், டார்ச், ஒரு பழைய துண்டு, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை நோட்டுகள். போனில் பணம் அனுப்பிப் பழகி விட்டோமே, அதை நம்பாதீர்கள். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாளிலிருந்து அந்த மாவட்டத்திலும் திருநெல்வேலி, கன்னியாகுமரியிலும் சில நாள் இணையத்தையே நிறுத்தி விட்டார்கள். வாட்ஸ்அப் இல்லை, வரைபடம் இல்லை. அதனால் முக்கியமான நம்பர்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். காரில் பெட்ரோல் முந்தின நாளே நிரப்புங்கள். கேனில் வாங்கி டிக்கியில் வைக்காதீர்கள், அதை விட ஆபத்து வேறில்லை.

ஏழு மாதக்காரிக்குத் தனியாகச் சில வார்த்தை. எந்த நாளில் கிளம்பினாலும் முதலில் டாக்டரைக் கேட்டு விடுங்கள். காரில் சீட் பெல்ட் போட்டால் குழந்தைக்கு அழுத்தும் என்று பல பேர் கழற்றி விடுகிறார்கள். தப்பு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் தொடைப் பக்கமாக, மேல்பட்டை மார்புக்கு நடுவில், வயிற்றின் ஓரமாக வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நாலடி நடக்க வேண்டும். 'வழியில் பாத்ரூம் இருக்காது' என்று தண்ணீர் குடிக்காமல் வருகிற வழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. கர்ப்ப காலத்தில் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டு விடும். பிரசவ கார்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் பெட்டியில் அல்ல, கைப்பையில். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, கண் மங்கித் தலை வெடிக்கிற மாதிரி வலித்தாலோ, வாணியம்பாடி வரை தள்ளிப் போடாமல் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர் என்று வழியில் எது பக்கமோ அங்கே இறங்கி விடுங்கள். கலவர நாளில் 108 வண்டிக்கு வழி விடுகிற அளவு சொந்தக் காருக்கு விட மாட்டார்கள். கூப்பிடத் தயங்க வேண்டாம்.

கண்ணீர்ப் புகையில் மாட்டிக் கொண்டால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போங்கள். புகை கனமானது, தாழ்வான இடத்தில் தங்கும், அதனால் மேட்டுப் பக்கம் நல்லது. கண்ணைக் கசக்கக் கூடாது. சுத்தமான பச்சைத் தண்ணீரால் விடாமல் கழுவ வேண்டும். எண்ணெய், கிரீம் எதுவும் தடவ வேண்டாம். வீடு திரும்பினதும் உடையை மாற்றி, முகம் கை கால் கழுவின பிறகுதான் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். உங்கள் புடவையில் ஒட்டியிருப்பது அதன் கண்ணையும் எரிக்கும். கண்ணில் கண்ணாடித் துண்டு குத்தி விட்டால் எடுக்க முயலாதீர்கள். மேலே ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக் கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீக்காயத்துக்கு 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர். இங்க், பற்பசை, காபிப் பொடி எல்லாம் பாட்டி வைத்தியமாகக் கூடப் பார்க்காதீர்கள்.

வதந்தியை எப்படிச் சமாளிப்பது என்று இன்னொரு வாசகியும் கேட்டிருக்கிறார். 2016 டிசம்பர் 5-ஆம் தேதி சாயங்காலம் ஜெயலலிதா இறந்து விட்டதாகச் சில தொலைக்காட்சிகள் சொல்லி விட்டன. கட்சி அலுவலகத்தில் கொடியைக் கூட இறக்கி விட்டு, ஆஸ்பத்திரி மறுத்த பிறகு மறுபடி ஏற்றினார்கள். மரணம் ராத்திரி 11-30 மணிக்கு என்றுதான் அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சியே தடுமாறுகிறபோது, மூன்றாம் தெரு மாமி அனுப்புகிற செய்தி எம்மாத்திரம்! போலீஸும் கலெக்டரும் சொல்வதற்குக் காத்திருங்கள். ஆனால் ஆபீஸில் இருக்கிற வீட்டுக்காரரைச் சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு வதந்தியே போதும். பொய்யாகப் போனால் ஒரு காபி சேர்த்துக் குடிக்கலாம்.

'144 தடை உத்தரவு' என்றால் வீட்டை விட்டே வெளியே வரக் கூடாது என்று பயந்து விடுகிறோம். அது கூட்டம் கூடுவதற்குத் தடை. அம்மா, அப்பா, குழந்தை மருந்துக் கடைக்குப் போவதை அது சாதாரணமாகத் தடுக்காது. ஊரடங்கு வேறு, அதில் வெளியே வரவே முடியாது. இப்போது சட்டம் மாறி, 2024 ஜூலை 1 முதல் அது 163-வது பிரிவு. பேப்பரில் அப்படி வந்தால் குழம்பாதீர்கள். இன்னொன்று, பந்த் நடத்துவதே சட்ட விரோதம் என்று 1997-லேயே கேரள உயர்நீதிமன்றம் சொல்லி, உச்ச நீதிமன்றமும் ஆமோதித்து விட்டது. தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது, கல் தெருவில் இருக்கிறது.

கார் வைத்திருப்பவர்கள் இன்ஷூரன்ஸ் காகிதத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். முழுக் காப்பீடு என்றால் கலவரத்தில் உடைந்ததற்கும் எரிந்ததற்கும் பணம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் கிடையாது. சேதமானால் அன்றைக்கே போலீஸில் புகார் எழுதிக் கொடுத்து நகல் வாங்க வேண்டும். அம்பத்தூர், திருவேற்காடு பக்கமெல்லாம் 2022 ஜனவரியிலிருந்து ஆவடி போலீஸ் கமிஷனரகத்தில் சேர்ந்து விட்டது.

சமையலறையில் தொங்குகிற காலண்டர் ஓரத்தில் இதை இன்றைக்கே எழுதி விடுங்கள்: போலீஸுக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைக்கு 1098, ரயில் விவரத்துக்கு 139. மாமியார் கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி, கொட்டை எழுத்தில்.